சிறுநீர் சொல்லும் சேதி தாமதமாக வந்தால்?

2006 நவம்பர் 1. லண்டன் ஹோட்டல் ஒன்றில் டீ குடித்த முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாண்டர் லிட்வினென்கோ அன்றிரவே வாந்தி எடுக்க ஆரம்பித்தார். பிறகு முடி கொட்டியது. தாலியம் விஷமாக இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். கதிர்வீச்சுக் கருவியை வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வகத்துக்கு அவருடைய சிறுநீர் போனது. பொலோனியம்-210 என்று உறுதியான அதே நாளில், நவம்பர் 23 அன்று, அவர் இறந்துபோனார்.

கருவி ஏன் ஏமாந்தது? பொலோனியம் வெளிவிடுவது கிட்டத்தட்ட முழுக்க ஆல்பா கதிர். ஒரு தாளே அதைத் தடுத்துவிடும், உடம்பைத் தாண்டி வெளியே வராது. உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி சிறுநீர்தான். ஆனால் வழக்கமான முறையில் தனிமத்தை ரசாயன ரீதியாகப் பிரித்து, தட்டில் மெல்லிய படலமாகப் படியவைத்து, மணிக்கணக்கில் அளக்க வேண்டும். எல்லாம் முடிய நாட்கள் ஆகிவிடும்.

சீக்கிரம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அநேகமாக இல்லை, உள்ளே போன அளவு அப்படி. ஆனால் விஷயம் அவரோடு முடியவில்லையே! ஹோட்டல் ஊழியர்கள், விருந்தினர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களின் சிறுநீரைச் சோதிக்க வேண்டி வந்தது.

பிரேசிலின் கொய்யானியா நகரம் இன்னும் மோசம். 1987ல், கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சைக் கருவியிலிருந்த சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. சுமார் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது. 4 பேர் இறந்தார்கள். சீசியத்துக்கு மருந்து உண்டு. பிரஷ்யன் புளூ என்ற அதே பெயிண்ட் நிறமிதான் (நம்ப முடிகிறதா?), சீசியத்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது, மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சிறுநீரையும் மலத்தையும் அளந்து கணித்தார்கள்.

ஆகவே முதல் நாளே தோராயமான பதில் வேண்டும். கொஞ்சம் சிறுநீரைச் சிண்டிலேஷன் திரவத்தில் கலந்து அளந்தால், ஆல்பாவோ பீட்டாவோ அதிகமாக இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடலாம். எந்தத் தனிமம், எத்தனை பெக்கரல் என்ற துல்லியமெல்லாம் பிறகு வரட்டும். துல்லியத்துக்காக ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துவது பொறுப்பல்ல, பிடிவாதம்.

இந்தியாவில் இது தெரியாத வித்தை இல்லை. 2009ல் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் யாரோ டிரிட்டியம் கலந்த கனநீரை ஊற்றியது, ஊழியர்களின் வழக்கமான சிறுநீர்ச் சோதனையில்தான் பிடிபட்டது.

ஆனால் கொய்யானியாவில் அடிபட்டவர்கள் அணு உலை ஊழியர்கள் அல்ல, பழைய இரும்பு விற்றுப் பிழைத்த குடும்பங்கள். அவர்கள் முதலில் ஓடுவது பெரியாஸ்பத்திரிக்கு. மாநிலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலாவது அந்தக் கருவியும், அதை இயக்கத் தெரிந்த இரண்டு பேரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.