உப்பளத்து மௌனம்

தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். பாண்டிநாட்டு முத்து ரோமாபுரிச் சீமாட்டியரின் கழுத்தில் மின்னிய கதையை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும்! ஆனால் அக்கரையின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு முடிந்தது. முத்து போயிற்று, பெயர் நின்றது. இன்று அங்கே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடப்பது உப்பு. அதை வாருகின்ற பெண்ணின் உள்ளத்தை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

பார்த்தவர் ஒருவர் உண்டு. உப்பளத் தொழிலாளரிடையே நேரில் சென்று பழகி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ என்னும் புதினம் 1979இல் வெளிவந்தது. அதன் நாயகி பொன்னாச்சி, வறுமை துரத்த அளத்துக்கு வேலைக்கு வரும் இளம்பெண். அந்நூலைப் பேசுவோர் கொதிக்கும் வெயிலையும், உப்புநீர் அரித்த கால்களையும், வெள்ளொளியில் மங்கும் கண்களையும் பேசுவர். என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று: பொன்னாச்சியின் வாய்.

கங்காணியின் கண்ணும் கையும் அவளைத் தொடர்கின்றன. அவளோ அஞ்சி ஒடுங்குகிறாள். ஏன்? வாய் திறந்தால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் உலை ஏறாது. முதல் நாள் இது வெறும் கணக்குத்தான். அந்தக் கணக்கையே நாள்தோறும் போட்டுப் போட்டு, அது இயல்பாகிவிடுகிறது. பிழை செய்தவன் நிமிர்ந்து நடக்கிறான். பிழைக்கு ஆளானவள் கூனிக் குறுகுகிறாள். தன்னிடந்தான் ஏதோ குற்றமோ என்று தன்னையே ஐயுறுகிறாள். வறுமை வயிற்றோடு நிற்பதில்லை, தோழர்களே! அது மனத்துக்குள் புகுந்து, எவனோ சுமக்க வேண்டிய வெட்கத்தை எவள் தலையிலோ ஏற்றிவிடுகிறது.

“அவர்களுக்கு எல்லாம் பழகிப்போயிற்று, குறை சொல்வதே இல்லையே” என்று பேசும் பெரிய மனிதர்களை நான் கேட்டிருக்கிறேன். வாய் பேசாமை மனநிறைவென்று எந்த ஏட்டில் கற்றார்களோ!

உப்பளத்தின் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் நீர் நிற்கும், உப்பு விளையாது, கூலி இல்லை. அந்த மாதங்களுக்கு முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் என்பது கடன். தை பிறந்து அளம் மீண்டும் திறக்கும்போது, கடன்பட்டவள் எந்தக் குரலில் கங்காணியை எதிர்ப்பாள்? 2021இல் உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம், குறை கூறோம். எனினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 55 ரூபாய்கூடத் தேறாது. மீதிக்கு மறுபடியும் முன்பணந்தானே?

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. பணியிடத்தில் பெண்கள்மீது நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அமைப்பு சாராப் பெண் தொழிலாளர்க்கென மாவட்டந்தோறும் குழு அமைக்க வேண்டும் என்கிறது. ஆனால் பொதுவாக 3 மாதத்துக்குள், எழுத்து மூலமாகப் புகார் தர வேண்டும். எழுத இயலாதவளுக்கு எழுதிக் கொடுக்கவும் அச்சட்டம் வழி செய்கிறது. எழுதுவதற்கு ஆள் கிடைக்கலாம். சொல்வதற்கு வாய் வேண்டுமே!

அந்த வாய் எப்போது திறக்கும்? இதே தூத்துக்குடியில் 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய வீர உரைகளை நாம் நினைவுகூர்கிறோம். வேலைநிறுத்த நாள்களில் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரிவதற்கு வ.உ.சி. செய்த ஏற்பாட்டை அவ்வளவாகப் பேசுவதில்லை. உலைக்கு வழி செய்துவிட்டே உரிமை கேட்கச் சொன்னார் அவர். தொழிலாளரும் நிமிர்ந்து நின்று கேட்டனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர்.

ஐப்பசி மழைக்கு முன்னால், மழைக்காலம் முழுமைக்கும் போதிய பணத்தை, கடனாக அன்று, உரிமையாக அளத்துப் பெண்ணின் கையில் கொடுங்கள். பிறகு அவளைக் கேளுங்கள், கங்காணி எப்படிப்பட்டவன் என்று.