கொழுந்து லொறி போகும் வரைதான் பாதை

மலையகத்தின் தோட்டப் பாதைகள் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கப்படும் பண்டமாக மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ ட்ரெயில்’ 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும், இன்று இல்லாமற்போய்விட்ட யு.எஸ்.எயிட் நிறுவனத்தினதும் உதவியுடன் உருவான இந்தப் பாதை நடந்து செல்பவர்களை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. ஆனால், மலைச் சைக்கிளில் கூடாரத்தையும் படுக்கைப் பையையும் கட்டிக்கொண்டு நாட்கணக்கில் ஏறி இறங்குபவர்களும் இப்போது அதே பாதைகளில் வருகிறார்கள். வெளிநாட்டவர்கள் மட்டுமல்ல, கொழும்பிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள்.

கடந்த பெப்ரவரி மாதம் நானும் நண்பர் ஒருவரும் அப்படித்தான் போனோம். ஹந்தானையிலிருந்து கலஹா, லூல்கந்துர, தவலந்தென்னை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை வழியாக டயகம வரை ஐந்து நாட்கள். சைக்கிளில் பூட்டியிருந்த மீற்றரின்படி 140 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். சமதரையில் ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடிய தூரம். மலையில் சில இடங்களில் எட்டு கிலோமீற்றருக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. அட்டைக்கடி, தோட்டத்து நாய்கள், பிற்பகலானால் இறங்கும் பனிமூட்டம் பற்றியெல்லாம் எழுத நிறைய இருக்கிறது. அதை வேறு யாராவது எழுதுவார்கள். சைக்கிளில் போனதால் மட்டும் என் கண்ணில் பட்ட ஒரு விடயத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாகனத்தில் போகும்போது பாதை மோசம் என்றால் மோசம், அவ்வளவுதான். பன்னிரண்டு கிலோ சாமானுடன் சைக்கிளை மிதிக்கும்போது ஒவ்வொரு நூறு மீற்றரும் தனித்தனியாகத் தெரியும். எங்கே தார் முடிகிறது, எங்கே கொங்கிரீட் தொடங்குகிறது, எங்கே வெறும் கருங்கல் என்பதை முழங்கால் சொல்லிவிடும். முதல் இரண்டு நாட்களும் நாங்கள் இதை உயரத்தோடும் மழையோடும் சேர்த்துத்தான் யோசித்தோம். மேலே போகப்போகப் பாதை கெடும், சாய்வு கூடினால் மழைநீர் அரித்திருக்கும் என்று. மூன்றாம் நாள் அந்தக் கணக்குச் சரிவரவில்லை. செங்குத்தான ஏற்றம் ஒன்று நன்றாக இருந்தது. அதற்கு அப்பால் ஏறக்குறைய சமமாகக் கிடந்த ஒரு துண்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது.

விடையைச் சொன்னவர் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா. தலையில் கொழுவிய கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்கள் சைக்கிள்களைச் சுற்றிப் பார்த்தார். “இந்த ரோட்டுல வாறதுக்கா தம்பி காசு செலவழிச்சு வந்தீங்க?” என்று கேட்டார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். “இந்தா, இது வரைக்கும் லொறி வரும். அதனால ரோட்டு இருக்கு. அங்கிட்டு லயம் மட்டும்தான்.”

அதன் பிறகு நாங்கள் கவனித்துக்கொண்டே போனோம். பிரதான வீதியிலிருந்து தொழிற்சாலை வரை பாதை நன்றாக இருக்கும். தொழிற்சாலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவங்கள் வரை ஓரளவுக்கு இருக்கும். மடுவத்தைத் தாண்டி, கொழுந்து லொறி திரும்பும் இடத்துக்கு அப்பால், லயங்களுக்குப் போகும் கடைசி ஒன்றரை இரண்டு கிலோமீற்றரில் பாதை கைவிடப்பட்டிருக்கும். தொழிற்சாலை மூடப்பட்ட பிரிவுகளில் முழுப்பாதையுமே அந்தக் கதிக்கு வந்துவிட்டது. ஐந்து நாட்களிலும் இதற்கு விதிவிலக்காக நாங்கள் கண்டவை ஒரு கோயில் திருவிழாவுக்காக ஆட்கள் கல் அடுக்கிச் சீர்செய்த ஒரு துண்டும், தேர்தல் காலத்தில் போட்டதாகச் சொல்லப்பட்ட முந்நூறு மீற்றர் கொங்கிரீட்டும் மாத்திரமே.

இந்தப் பாதைகள் ஏன் சைக்கிளுக்கு இவ்வளவு தோதாக இருக்கின்றன என்பதற்கும் காரணம் அதுதான். முதலில் கோப்பிக்காகவும், 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்குப் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்ட பாதைகள் இவை. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஏறக்கூடிய சாய்வில், மலையைச் சுற்றிச் சுற்றி, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் கைகளால் வெட்டப்பட்டவை. மாடு ஏறக்கூடிய சாய்வில் சைக்கிளும் ஏறும். விளைச்சல் மலையை விட்டு இறங்குவதற்காகப் போடப்பட்ட பாதை விளைச்சல் இருக்கும் வரை பராமரிக்கப்படுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அங்கே வாழும் மனிதர்களுக்கு வேறு பாதை போடப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

நாட்டின் மற்றப் பகுதிகளில் உள்ளூர்ப் பாதை என்றால் அது பிரதேச சபையின் பொறுப்பு. தோட்டங்களில் அப்படியல்ல. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிப்பதற்கு நீண்டகாலமாகத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அதே மக்களின் லயத்துக்கு முன்னால் ஒரு மதகு கட்ட முடியாத நிலை. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று தனித்தனிப் பிரதேச சபைகளும் அதே ஆண்டில் இயங்கத் தொடங்கின. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானதுதான். எட்டு வருடங்கள் ஆகின்றன. சட்டத்தில் திறந்த கதவு பாதையில் தெரியவில்லை. காணி அரசுக்குச் சொந்தம், முகாமைத்துவம் 1992 முதல் கம்பனிகளிடம், குத்தகை 2045 வரை. பாதை அந்தக் குத்தகைக் காணிக்குள் கிடக்கிறது. சபையிடம் கேட்டால் கம்பனியைக் காட்டுகிறார்கள். கம்பனியிடம் கேட்டால், இலாபமே இல்லாத தோட்டத்தில் பாதைக்கு எங்கே பணம் என்கிறார்கள்.

இதில் என்ன இழப்பு என்பதை ஒரு சம்பவத்தால் சொல்லலாம். பொகவந்தலாவைக்கும் டயகமவுக்கும் இடைப்பட்ட ஒரு பிரிவில் எங்களுக்கு இரவு தங்க இடம் கொடுத்தவர், தன் தகப்பனாருக்கு நெஞ்சு வலி வந்த இரவைப் பற்றிச் சொன்னார். அம்புலன்ஸுக்கு அறிவித்திருக்கிறார்கள். பிரதான வீதி வரைதான் வரலாம் என்று பதில். தெரிந்த ஓட்டோக்காரர் மழை என்பதால் மேலே வர மறுத்துவிட்டார். ஆறு இளைஞர்கள் கம்பளியில் கிடத்தி, இரண்டு கிலோமீற்றருக்குமேல் சுமந்து இறக்கியிருக்கிறார்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது உயிர் இருந்தது, விடியும்போது இல்லை. “அரை மணித்தியாலம் முந்தியிருந்தா என்னான்னு டொக்டரு கேட்டாரு. நான் என்னா சொல்ல?” என்றார். அந்த இரண்டு கிலோமீற்றரை மறுநாள் காலையில் நாங்கள் இறங்கினோம். பிரேக்கைப் பிடித்தபடி, கல்லிலிருந்து கல்லுக்கு. மலைச் சைக்கிள்காரர்களின் மொழியில் அது ‘தொழில்நுட்ப இறக்கம்’. எங்கள் பயணத்தின் மிகச் சிறந்த துண்டு அது என்று இதுபோன்ற பாதைகளைத் தேடி வருபவர் எவரும் சொல்வார்.

டித்வா புயல் இதை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த அனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. நாங்கள் போன வழியிலும் மலைச்சரிவில் நீளமான செம்மண் தழும்புகள் தெரிந்தன. சில இடங்களில் பாதையே சரிந்துபோய், காலடி அகலத்துக்கு ஆட்கள் வெட்டிய வழியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது, வெளியேறச் சொல்கிறது. எந்தப் பாதையால் வெளியேறுவது? வெளியேறி எந்தக் காணிக்குப் போவது? லயத்தில் நான்கு தலைமுறையாக வாழ்பவரிடம் அந்த அறைக்கு ஓர் உறுதி கிடையாது. வீடு இழந்தவர் என்று பதிவதற்கு முன்னால் வீடு யாருடையது என்ற கேள்வி வந்து நிற்கிறது.

சுற்றுலா வந்தால் மக்களுக்கு வருமானம் வரும் என்ற வாதத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு சிறு கடையில் நாங்கள் இருவரும் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் சாப்பிட்டோம். வாரக் கடைசியில் நடப்பவர்கள் வந்தால் வியாபாரம் கொஞ்சம் ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். குறுக்குப் பாதைகள் அத்தனையும் தெரிந்த இளைஞர்கள் வழிகாட்டியாக உழைக்கலாம். கொழும்புக் கடைகளில் நிற்பதைவிட அது மேல். ஆனால், அதற்கு மேல் ஒரு படி ஏற முடியாது. லயத்துக்குப் பக்கத்தில் விருந்தினருக்கு ஓர் அறை கட்ட வேண்டுமென்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வங்கிக்கு ஈடு வைக்கக் காணி வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பழைய துரைமார் பங்களாக்கள் ஆடம்பர விடுதிகளாகிவிட்டன. பாதையில் வருபவரின் பெரிய செலவு படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும்தான். அது பங்களாவுக்குப் போகிறது. லயத்துக்கு வருவது பிளேன்டீயின் விலை.

என்னுடைய சைக்கிள் பாவித்தது. மூன்றரை இலட்சத்துக்கு வாங்கினேன். இவ்வருட வரவு செலவுத் திட்டத்தின்படி தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,550 ரூபாய், அரசின் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாய், மொத்தம் 1,750. என் சைக்கிள் 200 நாள் பேர். இந்தக் கணக்கை மடுவத்து அம்மாவிடம் நான் சொல்லவில்லை, விலையை மட்டும்தான் அவர் கேட்டார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குச் சைக்கிள் என்பது பாடசாலைக்கும் சந்தைக்கும் போகிற சாமான். மலையகத்தில் ஐந்து நாட்களில் எங்களுடையதைத் தவிர, சிறுவர்கள் பிரட்டுக்களத்தில் ஓட்டிய இரண்டு சிறிய சைக்கிள்களை மட்டுமே கண்டேன். இங்கே பாரம் தலையிலும் முதுகிலும்தான் போகிறது.

2023 இல் மலையக மக்களின் 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்து ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28 இல் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் முடிந்தது. அதுவும் நாட்கணக்கான பயணம்தான். முன்னோர் கொண்டுவரப்பட்ட வழியில், காணியும் வீடும் கேட்டு நடந்த நடை. அந்த நடையின் கோரிக்கைகள் பெரும்பாலும் இன்னும் காகிதத்தில் இருக்கின்றன.

என்னுடைய நிலைப்பாடு இதுதான்: தோட்டத்துக்குள் மக்கள் குடியிருக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் போகும் ஒரு பாதையையாவது குத்தகைக் காணியிலிருந்து பிரித்துப் பொதுப் பாதையாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். தார் போடுவது பிறகு. முதலில் அது யாருடைய பாதை என்பது எழுத்தில் வரவேண்டும். சுற்றுலாவுக்கென ஒதுக்கப்படும் பணம் வழிகாட்டிப் பலகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் போவதற்கு முன்னால், லொறி திரும்பும் இடத்துக்கு அப்பால் இருக்கும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீற்றருக்குப் போக வேண்டும். அதனால் மலைச் சைக்கிள்காரர்கள் ஒரு நல்ல ‘தொழில்நுட்ப இறக்கத்தை’ இழப்பார்கள். இழக்கட்டும், காட்டுக்குள் வேறு இறக்கங்கள் இருக்கின்றன.

திரும்பி வந்த பிறகு, எங்கள் வழியிலிருந்த ஒரு பிரதேச சபையின் உறுப்பினருடன் தொலைபேசியில் பேசினேன். நாங்கள் இறங்கிய பாதையின் பெயரைச் சொன்னதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது, அவருடைய அம்மாவின் ஊர் அந்தப் பிரிவு. “ரோட்டு இருக்கு, நம்ம புத்தகத்துல இல்ல” என்றார். சபையின் வீதிப் பதிவேட்டைச் சொல்கிறார். அந்தப் பதிவேட்டில் எத்தனை தோட்டப் பாதைகள் இருக்கின்றன, 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனை சேர்க்கப்பட்டன என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் கடந்துவந்த மூன்று பிரதேச சபைகளுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை ஒரு சபையிலிருந்து மட்டும், விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதம் வந்திருக்கிறது.