தலை இடிக்கும் படிக்கட்டு

சென்ற மாதம் ஒரு சிறு வடிவமைப்புக் கல்லூரியில் மூன்றாமாண்டு ஜூரிக்குப் போயிருந்தேன். வகுப்பில் மொத்தமே இருபத்திரண்டு பேர். ஒரு மாணவி கிளை நூலகம் வரைந்திருந்தாள். பிளான் சுத்தம், கணினியில் எடுத்த முப்பரிமாணப் படங்கள் கண்ணைப் பறித்தன. உடன் வந்திருந்த ஆர்க்கிடெக்ட் அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை. செக்‌ஷன் ஷீட் முன் நின்றுகொண்டு, "லேண்டிங்குக்கு அடியில ஆள் போற வழி விட்டிருக்கியேம்மா, உயரம் எவ்வளவு வருது?" என்றார். ஸ்கேல் வைத்து அளந்தாள். பீமைக் கழித்தால் 1.8 மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அங்கே 2.2 மீட்டராவது கேட்கிறது. அடுத்த அரைமணி நேரமும் படிக்கட்டிலேயே போயிற்று. லேண்டிங்கை உயர்த்துவதா, அதற்காக முதல் ஃப்ளைட்டில் படிகளைக் கூட்டினால் வாசல் எங்கே நகரும் என்று மற்றப் பிள்ளைகளும் பட்டர் பேப்பரோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

நூறு பேரின் ஷீட்டை ஒரே நாளில் பார்த்துத் தள்ளும் கல்லூரிகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். அங்கே அந்த பீம் தப்பித்திருக்கும். சைட்டில் சென்டரிங் அடித்தபின் மேஸ்திரிதான் கண்டுபிடித்திருப்பார்.

அதற்காகச் சிறியதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. மாடல் செய்ய ஒரு ரம்பம்கூட இல்லாத சிறு கல்லூரிகளும் நமக்குத் தெரியும். 1962இல் அகமதாபாத்தில் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியை, அதாவது இன்றைய செப்ட் பல்கலைக்கழகத்தின் வேரை, தூக்கி நிறுத்தியது அளவு அல்ல, தொழிலில் இருந்தவர்கள். பாரிஸில் லெ கொர்பூசியேவிடம் வேலை பார்த்துத் திரும்பிய பாலகிருஷ்ண தோஷி, சொந்த அலுவலகத்தை நடத்திக்கொண்டே பள்ளியையும் கட்டி வளர்த்தார். லூயி கானிடம் பணிபுரிந்த அனந்த் ராஜேயும் அங்கே கற்பித்தார். அதே ஊரில் கானின் ஐஐஎம் வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் வளைவு இரு பக்கமும் உதைக்கும், அந்த உதைப்பைக் குறுக்கே ஓடும் கான்கிரீட் கட்டை இழுத்துப் பிடிக்கும் என்பதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. சைக்கிளில் போய்ப் பார்த்து வரலாம்.

நம் ஊர்ச் சிறு கல்லூரிகள் நம்மைக் கூப்பிடாமல் இல்லை. "சைட் இருக்கு சார்" என்று தட்டிக்கழிப்பது நாம்தான். (அவர்கள் தரும் தொகை பெட்ரோலுக்குக் காணாது என்பதும் உண்மை, நிர்வாகங்கள் இதைப் படித்தால் நல்லது.) பிறகு, பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு செக்‌ஷன் போடத் தெரியவில்லை என்று குறைப்படுகிறோம். வந்த செமஸ்டர் முழுக்கக் கதவு ஜன்னல் ஷெட்யூல் தட்ட வைக்கிறோம். பல அலுவலகங்களில் பஸ் காசுகூடக் கிடையாது. என் அலுவலகமும் சில காலம் அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

அந்த ஜூரியில் கேள்வி கேட்டவரைப் புதன்கிழமை மதியம் எந்த சைட்டிலும் பிடிக்க முடியாது. அது கல்லூரிக்கான நேரம். அவருடைய கான்ட்ராக்டர்களுக்கே மனப்பாடம். நானும் இப்போது வெள்ளிக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன். மூன்று வாரம் போனேன். நான்காம் வாரம் கான்கிரீட் போடும் நாள் வந்து தவறிவிட்டது.

அந்த மாணவி அடுத்த ஆண்டு எங்களிடம் பயிற்சிக்கு வருகிறாள். முதல் வாரம் கணினி கிடையாது என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரியோடு நின்று, சுவரில் கோடு போட்டு, ஒரு மாடிப்படிக்கு அவளே மார்க்கிங் செய்ய வேண்டும்.