சந்தா காரா, சொந்தக் காரா, பழைய காரா?



போன வாரம் நான் போட்ட திருநாகேஸ்வரம் கோயில் படத்தில் கோபுரத்தைப் பார்த்தவர்களைவிட, ஓரத்தில் நின்ற என் வேகன் ஆர் காரைப் பார்த்தவர்கள்தான் அதிகம் போலிருக்கிறது. "சார், இன்னும் இந்த வண்டியா?" என்று ஏழெட்டுப் பேர். 1996-ல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவன் (பையன் என்ன, அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது) ஒருபடி மேலே போய், "காற்று மாசு பாடம் நடத்தினது நீங்கதானே சார். இப்ப மாதச் சந்தாவுக்கே கரண்ட் கார் கிடைக்குதே, மாறிடுங்க" என்று எழுதியிருந்தான். என் மகனும் சென்னையிலிருந்து இதையேதான் இரண்டு மாதமாகச் சொல்கிறான். அவன் சொல்வதில் கூடுதலாக ஒரு வரி உண்டு: "மாசப் பணத்தை நான் கட்டிடுறேன்பா."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதக் கண் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தா என்றால் என்னவென்று தெரியாத அத்தை, சித்தப்பாமார்களுக்காக நாலு வரி. பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிற மாதிரிதான். கொஞ்சம் முன்பணம், பிறகு மாதாமாதம் ஒரு தொகை. வண்டி வாசலுக்கு வந்துவிடும். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் கம்பெனி பாடு. ஒப்பந்தம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆர்.சி. பெரும்பாலும் அவர்கள் பெயரில்தான் இருக்கும். 2020-ல் டாடா நெக்ஸான் மின்காரை இப்படிச் சந்தாவில் விடத் தொடங்கியபோது மாதம் 41,900 ரூபாய் என்று பேப்பரில் வந்தது. என் ஓய்வூதியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். இப்போது தொகை இறங்கியிருக்கிறது, அதனால் சிரிக்காமல் யோசிக்க வேண்டியிருக்கிறது. (போகிறபோக்கில் ஒன்று: பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த உபயோக மின்வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி. கல்யாண மண்டப வாசலில் நம் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தானே!)

இனி என் கணக்கு. ஜனவரி 1 அன்று டைரியில் வண்டியின் கிலோமீட்டரைக் குறித்துவைப்பது என் பழக்கம். போன ஆண்டு முழுக்க ஓடியது 4,380 கிலோமீட்டர். மாதத்துக்கு 365. தஞ்சாவூருக்கு டீச்சரம்மாவின் கண் பரிசோதனை, மூன்று நாலு கல்யாணம், சுற்றுவட்டாரக் கோயில்கள், மழை நாளில் மார்க்கெட். அவ்வளவுதான். சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கும்போது 300 கிலோமீட்டர் ஸ்டியரிங் பிடிக்க நான் என்ன இளவட்டமா?

பெட்ரோல் 27,600 ரூபாய். இன்ஷூரன்ஸ் 5,900. இரண்டு டயர், ஆயில், சில்லறை வேலைகள் சேர்த்து 11,500. மொத்தம் 45,000. மாதத்துக்கு 3,750 ரூபாய். கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் சொச்சம். வண்டி 2013-ல் ஜி.பி.எஃப். பணத்தில் வாங்கியது, கடன் கிடையாது.

மகனுக்கு வந்திருக்கும் விலைப்பட்டியலில் மின்காருக்கு மாதம் 26,500 ரூபாய், 24 மாத ஒப்பந்தம், மாதம் 1,250 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்று இருக்கிறது. நான் ஓட்டுவது 365. அந்த 26,500-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 72 ரூபாய்க்கு மேல் வருகிறது. கரண்ட் செலவு தனி. எங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் கிலோமீட்டருக்கு 14 ரூபாயும் டிரைவர் பேட்டாவும் கொடுத்தால் ஏ.சி. போட்டுக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஓட்டாத 885 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஏன் காசு கொடுக்க வேண்டும்?

"சரி, சந்தா வேண்டாம், சொந்தமாகவே வாங்கிடுங்க" என்று தம்பி சொன்னான். சிறிய மின்காருக்கு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்றவன் எந்தத் தொகையைப் பார்த்தாலும் வட்டியைத்தான் நினைப்பான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் என்றால் 8 லட்சத்துக்கு வருடம் 65,600 ரூபாய். மின்காரில் எனக்கு மிச்சமாவது எவ்வளவு? 4,380 கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 750 யூனிட் வைத்துக்கொள்வோம். மேல் ஸ்லாப்பில் யூனிட் 9 ரூபாய் என்றால் 6,750. ஆக எரிபொருளில் மிச்சம் சுமார் 20,850. அந்த இருபதாயிரத்துக்காக அறுபத்தைந்தாயிரத்தை விடுவதா? காரே இல்லாதவன் புதிதாக வாங்குவது வேறு, ஓடுகிற வண்டியைத் தள்ளிவிட்டு வாங்குவது வேறு.

இப்போது மாசுக்கு வருகிறேன், கேட்ட பையன் கவனிக்கட்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். என் 273 லிட்டருக்கு வருடம் 628 கிலோ. மின்காரில் குழாய்ப் புகை இல்லை, உண்மை. தெருக் குழந்தைகளின் நுரையீரலுக்கு அது பெரிய நன்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் நிலக்கரிதான் இன்னும் பெரும்பங்கு. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ. 750 யூனிட்டுக்கு 525 கிலோ ஆகிவிட்டதே! பெட்ரோலைச் சுத்திகரித்துக் கொண்டுவர ஆகும் புகையையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் புதிய காரையும் அதன் பேட்டரியையும் செய்யவே டன் கணக்கில் புகை வருகிறது. மாதம் 365 கிலோமீட்டர் ஓட்டுகிறவன் அதை ஈடுகட்ட எத்தனை வருடமாகும், நீயே போட்டுப் பார். என் மொட்டை மாடியில் சூரியத் தகடு இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. கையில் பணம் புரண்டால் காருக்கு முன்னால் நான் அதைத்தான் செய்வேன்.

இதனால் மின்காரே வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் தம்பி மகன் கதையைச் சொல்கிறேன். ஐ.டி. வேலை, மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறான். இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம். அவனும் என்னிடம்தான் கேட்டான். வண்டி 12.5 லட்சம். கையில் இரண்டரை போட்டு, 10 லட்சம் 9 சதவீதத்தில் ஐந்து வருடக் கடன் என்றால் தவணை 20,760. இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் ஒன்றரை லட்சம் போய்விடும். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் ஒரு 55,000. அப்போது வண்டியை 8 லட்சத்துக்கு விற்றால் விலையில் இழப்பு 4.5 லட்சம். மொத்தம் 6,55,000. அதே 26,500 சந்தாவானால் 24 மாதத்துக்கு 6,36,000. கிட்டத்தட்ட சமம்! விற்பனைத் தலைவலி கிடையாது. இரண்டு வருடத்தில் புதுப் பேட்டரி வந்து பழைய மாடலை யாரும் சீண்டாமல் போனாலும் அந்த நட்டம் கம்பெனிக்கு. அவனுக்குச் சந்தா தப்பில்லை என்றுதான் சொன்னேன்.

ஆனால் ஐந்து வருடம் ஒரே ஊர் என்றால் கதை வேறு. சந்தா 15,90,000 ஆகிவிடும், கையில் சாவி இருக்காது. வாங்கினால் வட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 17 லட்சத்தைத் தாண்டும். வண்டியை நாலரை லட்சத்துக்கு விற்றாலும் நிகரச் செலவு 12.65 லட்சம்தான். மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிற காலம் இது. நிறைய ஓடுகிறவர்கள், சொந்த வீட்டு வாசலில் பிளக் பாயிண்ட் உள்ளவர்கள் தைரியமாக வாங்கலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன் அசோசியேஷன் செயலாளரைப் பாருங்கள்.

நடுவில் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. வண்டி உங்களுடையது, பேட்டரிக்கு மட்டும் வாடகை. 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் வந்தபோது வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். ஓடினால்தானே காசு, எனக்குப் பொருந்துமே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கடன் தரும் நிறுவனம் மாதம் இத்தனை கிலோமீட்டருக்காவது கட்டியாக வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1,500 என்று வரம்பு இருந்தால் வண்டி அசையாவிட்டாலும் மாதம் 5,250 ரூபாய்.

மகன் சொன்னதில் நான் மறுக்க முடியாத வாதம் ஒன்று இருக்கிறது. "உங்களுக்கு 66 ஆகுது. லைசென்ஸே அஞ்சு அஞ்சு வருஷமாத்தான் புதுப்பிச்சுத் தர்றாங்க. பத்து வருஷத்துக்கு ஏன் கார் வாங்கணும்? ரெண்டு வருஷம் ஓட்டுங்க, முடியலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம்." யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. வயதானவனுக்கு எதையும் குறைந்த காலத்துக்கு எடுப்பதுதான் புத்தி. ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் திருப்பினால் மூன்று மாதச் சந்தா அபராதம். எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆகி ஒன்றரை மாதம் வண்டி எடுக்காவிட்டாலும் சந்தா ஓடும். ஒவ்வொரு உரசலுக்கும் முதல் 5,000 நம்முடையது. எங்கள் தெருவில் பால்காரர் சைக்கிள் ஒன்றே போதும் அதற்கு! ஒப்பந்தத்தில் பெயர் அவனுடையது, ஓட்டுவது நான் என்பது இன்னொரு சிக்கல். சர்வீஸ் வேறு சென்னையில்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது அந்த மாதப் பணம். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டால் அது பரிசு. மாதாமாதம் என்றால், ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் அப்பாவின் கார் அவன் சம்பளத்தில் கைவைக்கும். வேலையில் ஒரு சறுக்கல் வந்தாலும் என்னிடம் சொல்லமாட்டான், கட்டிக்கொண்டே இருப்பான். அவன் குணம் எனக்குத் தெரியும். இதை அவனும் படிப்பான், படிக்கட்டும்.

ஆக, வேகன் ஆர் இருக்கும். 2028-ல் அதற்குப் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அப்போது என் கண்ணும் காலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, ஒன்று சிறிய மின்கார், இல்லையென்றால் டாக்ஸி ஸ்டாண்ட். இரவு நேர ஓட்டத்தை இந்த ஆண்டே நிறுத்திவிட்டேன், டீச்சரம்மா நிம்மதியாக இருக்கிறாள்.

உங்களில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மின்கார் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், ஐப்பசி அடைமழையில் தண்ணீர் நின்ற ரோட்டில் எப்படிப் போகிறது, மின்வெட்டு நாளில் சார்ஜுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தொகையை மட்டும் சொல்லாமல் மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வழிமுறை காட்டாத விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.