லைலாக்கும் வேப்பம்பூவும்

வசந்தம் என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போதெல்லாம் நாம் சற்றே பொய் சொல்கிறோம் என்பது என் நெடுநாளைய எண்ணம். பல்லாவரத்தில் தொடங்கி வண்டலூர் வரை நீளும் சென்னையின் தென்புறநகரில் பனி உருகுவதில்லை. ஆறு மாதம் உறங்கிய கிளை ஒருநாள் கண்விழிப்பதும் இல்லை. மாசி கழியும்போதே வெயில் உறைக்கத் தொடங்கிவிடுகிறது. நம் முன்னோர் இதை நன்கறிந்தே பெயரிட்டிருக்கிறார்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனில். வேனில் என்றால் வெம்மை. அதன் இளம்பருவமே நம்முடைய வசந்தம். ஐரோப்பியனின் வசந்தம் குளிரின் முடிவு, நம்முடையதோ வெயிலின் தொடக்கம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்பட்ட கவிதைகள் நம் சிற்றிதழ்களில் ஏராளம்.

அண்மையில் லைலாக் வாசனைத் திரவியம் ஒன்றை முகர்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. வெளிநாட்டில் வாழும் நண்பர் கொண்டுவந்திருந்தார். அதை முகர்ந்த மாத்திரத்தில் அவர் கண்கள் கலங்கின. மே மாதம், ஈரப் பாதை, வேலியோரத்துப் புதர், பள்ளிப் பேருந்துக்குக் காத்து நின்ற மகள் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு அது இனிமையான, சற்றுச் சோப்புக்கட்டியை நினைவூட்டுகிற ஒரு வாசனை, அவ்வளவே. இத்தனைக்கும் லைலாக் என்ற பெயர் எனக்குப் புதிதன்று. ஆபிரகாம் லிங்கன் 1865-இல் கொல்லப்பட்டபோது வால்ட் விட்மன் எழுதிய இரங்கற்பாவிலும், எலியட் 1922-இல் வெளியிட்ட 'பாழ்நிலம்' கவிதையின் தொடக்கத்திலும் அந்தப் பூ இருக்கிறது. ஆங்கிலக் கவிதை படித்த தமிழ் வாசகர் எவரும் லைலாக்கைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. ஆனால் கண்ணால் படித்த பூவுக்கு மூக்கில் இடமில்லை. நம் இலக்கிய வாசிப்பின் ஒரு பெரிய பகுதி இப்படி மணமற்ற பூக்களால் நிறைந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

அந்தப் பெயரின் வரலாறு சுவையானது. சொற்பிறப்பியல் அகராதிகள் லைலாக் என்பதைப் பாரசீகத்தின் 'நீலக்' என்ற சொல்லுக்கும், அதன் வழியே வடமொழியின் நீலத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நாம் நாள்தோறும் சொல்லும் நீலந்தான், பாரசீகமும் துருக்கியும் ஐரோப்பாவும் சுற்றி, அடையாளம் தெரியாத வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. செடியின் தாயகம் பால்கன் மலைகள். பதினாறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வியன்னாவுக்குப் போய் அங்கிருந்து ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் பரவியது. குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைத்தால்தான் அது நன்கு மொட்டவிழும். ஆகவே தாம்பரத்தில் லைலாக் பூக்க வழியில்லை.

ஆனால் தாம்பரத்துக்கு வேறொரு லைலாக் உண்டு. ஆங்கிலத் தாவர நூல்கள் வேப்பமரத்துக்குத் தரும் பெயர்களில் ஒன்று 'இந்திய லைலாக்'. அதன் உறவான மலைவேம்போ ஊதா கலந்த பூக்களை உடையது, 'பாரசீக லைலாக்' எனப்படுவது. வேம்பின் அறிவியற் பெயரான அசாடிராக்டா என்பதும் பாரசீகத்திலிருந்து வந்ததே. தம் ஊர்ப் பூவை நினைவூட்டுகிற ஏதோ ஒன்றை இந்த மரத்தில் கண்டுதான் வெள்ளையர்கள் அப்பெயரை இட்டிருக்க வேண்டும். நாமோ வேம்பென்றால் கசப்பு என்ற ஒரே சொல்லோடு நின்றுவிட்டோம்.

இனி, திரவியத்துக்கு வருவோம். லைலாக் புட்டிக்குள் பெரும்பாலும் லைலாக் இல்லை. மல்லிகைப் பூவிலிருந்து கரைப்பான்களைக் கொண்டு மணச்சாறு எடுக்கலாம். தமிழகத்து மல்லிகை அவ்வாறு சாறாகி உலகின் பெரிய வாசனைத் திரவிய நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. லைலாக் அப்படி வசப்படுவதில்லை. காய்ச்சி வடித்தாலும் பூவில் இருந்த மணம் கைக்கு வருவதில்லை. எனவே திரவியக் கலைஞர்கள் வேறு பொருள்களைக் கூட்டி அந்த மணத்தைப் புனைந்தெடுக்கிறார்கள். இதில் டெர்பினியோல் என்ற வேதிப்பொருளுக்கு முதன்மையான இடம். தரை துடைக்கும் பைன் எண்ணெய்த் திரவங்களில் இருப்பதும் இதே பொருள்தான். பிரெடெரிக் மால் நிறுவனத்துக்காக ஒலிவியா ஜியாகொபெட்டி 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ஆன் பசான்' என்ற லைலாக் திரவியம் இவ்வகையில் புகழ்பெற்றது. 'கடந்து போகையில்' என்பது அப்பெயரின் பொருள். வெள்ளரியும் கோதுமையும் கலந்த குறிப்புகளால், மழை நனைத்த தெருவில் ஒரு புதரைக் கடந்து போகும் உணர்வை அவர் உண்டாக்கியிருக்கிறார். ஒரு பூவை நகலெடுப்பதைவிடக் கடினமான வேலை இது என்பதில் ஐயமில்லை.

குறுந்தொகையின் இரண்டாம் பாடலை வைத்துத் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அல்லது பூவும் பூச்சும் தந்த மணமா என்பதுதான் பாண்டியனுக்கு எழுந்த ஐயம். செயற்கை மணமே என்று வாதிட்ட நக்கீரர் நெற்றிக்கண்ணின் வெம்மையைத் தாங்க வேண்டியிருந்தது. லைலாக் வழக்கு அவர்முன் வந்திருந்தால் அவர் பாடு எளிதாக முடிந்திருக்கும். பூவின் பெயரில் விற்கப்படும் மணம் பூவிலிருந்து வந்ததன்று என்பதற்கு ஆய்வுக்கூடமே சாட்சி. ஆனால் என் நண்பரின் கண்ணீர் இயற்கையானது. செயற்கை மணம் மெய்யான நினைவை எழுப்பியது எப்படி?

விடை மூக்கின் அமைப்பில் இருக்கிறது. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்தே மேலே செல்கின்றன. மணத்தின் செய்தியோ அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகச் சென்று தொட்டுவிடுகிறது. மணங்களை மூக்கு எவ்வாறு பிரித்தறிகிறது என்று ஆராய்ந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணம் ஒரு சாவி மட்டுமே. பூட்டு முன்பே இருந்தாக வேண்டும். புட்டி எனக்குத் திறக்காத கதவை நண்பருக்குத் திறந்தது, அவருக்குள் பூத்த லைலாக் பல மே மாதங்களாக இருந்ததனால்தான்.

தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பூட்டு வேப்பம்பூவால் ஆனது. பங்குனி இறுதியில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் சிறு வெண்பூக்கள்; பகலில் இருப்பதே தெரியாது, பொழுது சாய்ந்ததும் தேன் கலந்த மெல்லிய மணமொன்று தெருவெங்கும் இறங்கும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பூச்சேர்த்து, மொட்டைமாடியில் உலர்த்தி, ஆண்டு முழுவதற்கும் ரசத்துக்கு எடுத்துவைப்பார்கள். சித்திரை முதல்நாள் பச்சடியில் அதே பூ. பாண்டியர் சூடியதும் இதே பூத்தான். ஒரே பூவை மூக்குக்கும் நாவுக்கும் மன்னன் முடிக்கும் கொடுத்த ஒரு பண்பாடு, வசந்தத்துக்கு உவமை தேடி அயலூர்ப் புதருக்குப் போக வேண்டிய அவசியம் என்ன?

இந்த ஊர்களின் வரலாறே மூக்கால் படிக்கத்தக்கது. குரோம்பேட்டை தன் பெயரை ஒரு தோல் தொழிற்சாலையிடமிருந்து பெற்றது. அந்தப் பக்கத்தின் பழைய நெடி தோல் பதனிடும் நெடி. தாம்பரம் சானடோரியமோ காற்றுக்காகவே எழுந்தது. நல்ல காற்றே மருந்து என்று கருதப்பட்ட காலத்தில், 1928-இல், டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவமனை தொடங்கினார். 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரிலிருந்து கிழக்குத் தாம்பரத்தின் 300 ஏக்கருக்கு மேற்பட்ட புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களில் தோய்ந்தவர். அவ்வளாகத்தின் மரங்களுக்கு அவர் பட்ட பாடு பெரிது. மணப்பொருள்களின் மூலக்கூறுகளை அறிந்த ஒருவர் சோதனைக்குழாயோடு நிற்காமல் கன்று நட்டார் என்பது எனக்கு மிகவும் உவப்பான செய்தி.

இன்று நிலைமை என்ன? பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. ஒரு கிணறு, இரண்டு தென்னை, வாசலில் ஒரு வேம்பு என்றிருந்த தனிவீடுகள் இடிக்கப்பட்டு, மனையின் விளிம்புவரை அடுக்குமாடிகள் எழுகின்றன. அவற்றில் முதலில் போவது வேம்பு. அது நிற்கும் இடம் கார் நிறுத்துமிடமாக வேண்டியிருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் ஒரே நாளில் சாய்த்த மரங்கள் பல. புயலின் துணையின்றி நாமே சாய்த்தவையும் சேர்ந்துகொள்கின்றன. மக்களுக்கு வீடு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் வேம்பு கேட்பது ஒரு காரின் இடத்தைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதில் மொழிக்கும் இழப்பு உண்டு. முன்பு நறுமணத்தையே குறித்த 'நாற்றம்' இன்று கெட்ட வாடையாகிவிட்டது. திருமாலின் வாய் எப்படி நாறும் என்று சங்கைப் பார்த்துக் கேட்க ஆண்டாளுக்குத் தயக்கமில்லை. நாம் அவ்வினையை வாயெடுக்கவே கூசுகிறோம். முருகு, விரை, வெறி என மணத்தைக் குறித்த சொற்கள் உரைநூல்களுக்குள் ஒடுங்கிவிட்டன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று பெருமை பேசுகிறோம். நம் நாவல்களில் வரும் தெருக்களை எண்ணிப் பாருங்கள், எத்தனை தெருக்களுக்கு மணம் இருக்கிறது?

லைலாக்கைத் தமிழில் எழுதலாகாது என்பதன்று என் கட்சி. டொராண்டோவில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு லைலாக்தான் மெய்யான வசந்தம். அவள் அதைத் தமிழில் எழுதினால் குறிஞ்சிப்பாட்டின் பட்டியலுக்கு நூறாவது பூ கிடைத்ததாக மகிழ்வேன். தாம்பரத்திலிருந்துகொண்டு, முகராத பூவைப் படித்ததை வைத்து எழுதுவதைத்தான் மறுக்கிறேன். அது புட்டியையும் விடப் போலியானது. புட்டியைச் செய்தவராவது பூவின் அருகில் நெடுநேரம் நின்றிருப்பார்.

என்றேனும் ஒரு கலைஞர் வேப்பம்பூவின் மாலை மணத்தையும் புட்டியில் அடைக்கலாம். அயலகத் தமிழர்கள் அதை வாங்கிக் கண்கலங்கலாம். அதில் தவறில்லை. ஆனால் செம்பாக்கத்திலோ சேலையூரிலோ இன்று பிறக்கும் குழந்தைக்கு அது எதையும் நினைவூட்ட வேண்டுமானால், அதன் தெருவில் இருபது சித்திரைகளேனும் ஒரு மரம் பூத்திருக்க வேண்டும். திரவியத்தைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், மரத்தை இப்போது நட்டால்தான் உண்டு.