நத்தை வீதியில் நான்கு இரவுகள்

பிரயாணம் செய்து மீண்டோர் எழுதும் கட்டுரைகளிற் கோபுரங்களும் சிலைகளும் இடம் பெறும் அளவுக்கு அவர்கள் தங்கிய இடம் இடம் பெறுவதில்லை. ஓர் ஊரின் பகலை எவரும் காணலாம். அதன் இரவை அறிய வேண்டுமாயின் அங்கே படுத்தெழ வேண்டும். சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாத முதல் வாரத்தில், இத்தாலி தேசத்துச் சியெனா நகரில், பழைய வீடொன்றை விடுதியாக்கி நடத்தும் ஓரிடத்தில் நான்கு இரவுகள் தங்கினோம். அந்நகரின் பெருமைகளை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. நாம் இவ்வாரம் எழுதப் புகுவது அவ்விடுதியைப் பற்றியும், அங்கே எழுந்த ஒரு வழக்கைப் பற்றியுமேயாம்.

சூரிச் நகரில் வாழும் மைத்துனரிடம் விடுமுறைக்குச் சென்றிருந்த நாம், இல்லாளுடன் அங்கிருந்து புகையிரதமேறி, மிலான், புளோரன்ஸ் வழியாகச் சியெனா சேர்ந்தோம். புகையிரத நிலையம் இருப்பது பள்ளத்தில். நகரம் இருப்பது குன்றுகளின் முதுகில். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிவிட இயங்கும் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்திருக்கின்றனர். அவை முடியுமிடத்தில் நமது கால்களின் வேலை தொடங்குகின்றது. நகரின் உட்பகுதியை 1960களிலேயே மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிட்டனர். வாடகைக் கார் முதலிய சிலவற்றுக்கே அனுமதியுண்டு. நமது கணக்குப் புத்தகமோ வாடகைக் காருக்கு அனுமதி அளிக்கவில்லை. ஆகவே நகரின் வட வாயிலிலிருந்து தென்மேற்குக் கோடி வரை, கல் பாவிய வீதிகளில் இரு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஏறியும் இறங்கியும் நடந்தோம்.

விடுதியென்றோமே, அதன் பெயர்ப்பலகை ஒரு சாண் அகலந்தான். செங்கற் சுவரிலே குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் இன்னும் உள. கனத்த மரக் கதவைத் தள்ளி உட்சென்றால் ஒரு சிறு முற்றம். அதன் நடுவே வாய் மூடிய கிணறு. அதைக் கண்டதும், பெட்டி இழுத்த களைப்பெல்லாம் மறந்து, "இஞ்சேருங்கோ, எங்கட நாற்சார் வீடு மாதிரியெல்லே கிடக்கு!" என்றார் நம் இல்லாள். அறைகள் 11 மாத்திரமே. லிப்ட் இல்லை. நமது அறைக்கு 62 படிகள். பல தலைமுறையாரின் பாதம் பட்டு நடுவே குழிந்த கற்படிகள். அறையின் திறப்பு ஒரு விரல் நீளமான இரும்புத் திறப்பு. அதிற் பித்தளைக் குண்டொன்றும் சிவப்புக் குஞ்சமும் தொங்கின. அப்பாரத்தைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு ஊர் சுற்ற எவர்க்கும் மனம் வாராது. எனவே வெளியே செல்வோர் அதை வாயில் மேசையில் ஒப்படைத்தே செல்வர். யார் உள்ளே, யார் வெளியே என்பதை அவ்வீட்டார் ஆணியில் தொங்கும் திறப்புக்களைப் பார்த்தே அறிந்துகொள்வர். எவ்வளவு மலிவான உபாயம்!

சுட்ட மண் ஓடு பதித்த தரை. தலைக்கு மேலே கறுத்த மர வளைகள். முழங்கை நீளத்துக்கும் மேற்பட்ட சுவர்க் கனம். குளிரூட்டும் இயந்திரம் இல்லாமலே ஆகஸ்ட் மாதத்து வெயில் அங்கே தோற்றது. ஆயினும் நமது மனத்தைக் கவர்ந்தது யன்னலே. பச்சை வர்ணம் தீட்டிய அதன் மரக் கதவின் கீழ்ப்பகுதியை மாத்திரம் வெளிப்புறமாகத் தள்ளி நிறுத்தலாம். வெயில் உள்ளே வராது, காற்று வரும். வீதியில் நடப்பன யாவும் நமக்குத் தெரியும். வீதியில் நிற்பார்க்கு நாம் தெரியோம். இத்தகைய யன்னல் நமது வீட்டில் இருந்திருப்பின் ஒரு தவணைப் பரீட்சைத் தாளையேனும் உரிய காலத்தில் திருத்தியிரோம். சியெனா நகரத்தார் யன்னலை அற்பமாக எண்ணுபவரல்லர். நகரின் நடுச் சதுக்கத்தை நோக்கிய வீடுகள் யாவும் சிறு தூண்களோடு கூடிய ஒரே வகை யன்னல்களையே கொண்டிருத்தல் வேண்டுமென 1297ஆம் ஆண்டிலேயே விதி செய்தனர்.

இத்துணைப் பழைமை எவ்வாறு காப்பாற்றப்பட்டது? காவலர் வைத்துக் காத்ததன்று. பெரும்பாலும் வறுமையே காத்தது. 1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய் அந்நகர மக்களிற் பெருந்தொகையினரை வாரிக்கொண்டு போயிற்று. அப்பொழுது உலகிற் பெரிய தேவாலயங்களுள் ஒன்றாகத் தமது தேவாலயத்தை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தனர்; அவ்வேலை நின்றது. முற்றுப்பெறாத அதன் நெடுஞ்சுவர் இன்றும் வானத்தைத் தாங்கிக்கொண்டு தனியே நிற்கின்றது. பின்னர் 1555இல், நீண்ட முற்றுகைக்குப் பின், ஸ்பானியப் படைக்கும் புளோரன்சுக்கும் நகரம் பணிந்தது. செல்வம் வேற்றூர்களுக்குச் சென்றது. பழையதை இடித்துப் புதியது கட்டக் காசில்லாதவன் பழையதிலேயே வாழ்கின்றான். நூற்றாண்டுகள் கழிந்தபின் உலகத்தார் வந்து, "ஆகா, என்ன அழகு!" என்கின்றனர். 1995இல் யுனெஸ்கோ நிறுவனமும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

அந்நியரை ஏற்றுக் கொள்வதும் அவ்வூருக்குப் புதிதன்று. வட ஐரோப்பாவிலிருந்து உரோமாபுரிக்கு யாத்திரை செல்வோரின் பெருவழி இந்நகரினூடே செல்கின்றது. 990ஆம் ஆண்டளவில் உரோமாபுரி சென்று மீண்ட கன்ரபரி அதிமேற்றிராணியார் சிஜெரிக் என்பவரின் வழிக்குறிப்பிலே சியெனாவும் ஒரு தங்குமிடமாகக் காணப்படுகின்றது. தேவாலயத்துப் படிகளுக்கு எதிரே, அப்படிகளாலேயே பெயர் பெற்ற சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்னும் பெரிய தருமசாலை இருக்கின்றது. யாத்திரிகருக்குப் படுக்கையும், நோயாளருக்கு மருந்தும், ஏழைகளுக்கு உணவும் அங்கே கிடைத்தன. கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்து, பெண் குழந்தையாயின் சீதனமும் கொடுத்து விவாகம் செய்வித்தனர். சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லாள் வழிகாட்டிப் புத்தகத்தை நம் கையிலிருந்து வாங்கித் தாமே வாசிக்கத் தலைப்பட்டார். 1440களில் அம்மண்டபச் சுவரிலே தீட்டிய ஓவியங்களில் இத்தருமங்கள் யாவும் நடப்பதைக் காணலாம். கடந்த நூற்றாண்டின் இறுதி வரை அக்கட்டடத்தில் நோயாளர் இருந்தனர். எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ 1985இல் அங்கேயே உயிர் நீத்தார். இன்று அது காட்சிச்சாலை.

உணவைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லாவிடின் சைவ வாசகர்கள் நம்மை மன்னியார். பீச்சி என்னும் தடித்த கோதுமை இழைகளைத் தக்காளியும் உள்ளியும் இட்ட குழம்போடு தருகின்றனர். அதை நான்கு நாளும் உண்டோம். போஞ்சி விதையும் கீரையும் பழைய பாணும் இட்டுக் காய்ச்சும் ஒரு கஞ்சியும் உண்டு. அது கோடைக்கு ஏற்றதன்று எனத் தடுத்துவிட்டனர். ஆனால் அந்நாட்டுப் பாணில் உப்பில்லை! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழியை அங்குள்ளோர் கேட்டிலர் போலும். கறியின் உப்பு பாணுக்கும் சேர்த்தே இடப்படுகின்றது என்று விடுதி அம்மையார் விளக்கினார். நம் இல்லாள் இணங்கவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். சியெனா நகரம் 17 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. அவற்றின் எல்லைகள் 1729ஆம் ஆண்டுக் கட்டளையொன்றால் வரையறுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு கொடி, ஒரு கோயில், ஒரு நீரூற்று, ஒரு காட்சிச்சாலை உண்டு. குழந்தை பிறந்தால் தேவாலய ஞானஸ்நானத்தோடு அமையாது, வட்டாரத்து நீரூற்றிலும் நீர் தெளித்து உறுப்பினராக்கிக்கொள்வர். ஆண்டுதோறும் ஜூலை 2ஆம் திகதியும் ஆகஸ்ட் 16ஆம் திகதியும் நடுச் சதுக்கத்தில் நடைபெறும் பாலியோ என்னும் குதிரைப் பந்தயத்தில் இவ்வட்டாரங்களுள் 10 கலந்துகொள்ளும். சதுக்கத்தை மும்முறை சுற்றுதல். ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சவாரி செய்பவன் விழுந்தாலும் குதிரை முந்தினால் வெற்றியே. நமது விடுதி இருந்தது நத்தை வட்டாரத்தில். அதன் பரம வைரி அயலிலுள்ள ஆமை வட்டாரம். நத்தையும் ஆமையும் குதிரைப் பந்தயத்தில் வைரிகள் என்றால் நம்பவேண்டுமே!

பந்தயத்துக்கு முந்திய நாட்களிற் சிறுவர்கள் அந்தி சாய்ந்தபின் வீதியிற் கூடி முரசடித்தும் கொடி வீசியும் பழகுவர். நமது யன்னலின் கீழே ஐந்தாறு பேர். மூத்தவனுக்குப் பதினாறு வயதிருக்கலாம், இளையவனுக்கு எட்டு. ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்தனர். பிழைத்தால் மூத்தவன் நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்வான். முரசொலி கற்சுவர்களில் மோதி இரு மடங்காக எழும். இரவு பத்து மணிக்கும் ஓயவில்லை.

மூன்றாம் நாட் காலை, கோப்பி அருந்துமிடத்தில், வேற்றுநாட்டுக் கனவான் ஒருவர் விடுதி அம்மையாரிடம் முறையிட்டார். தாம் கொடுக்கும் பணம் அமைதியான உறக்கத்துக்கும் சேர்த்தே என்றும், சிறுவர்களை வேறெங்கேனும் செல்லும்படி பணித்தல் வேண்டும் என்றும் கூறினார். அவர் குரலிற் கடுமை இல்லை. கண்களில் உறக்கமும் இல்லை. அம்மையார் இவ்வாறு விடையளித்தார்: "ஐயா, பின்புறத்தில் பள்ளத்தாக்கை நோக்கிய அறையொன்று இன்று ஒழிகின்றது. அதை அதே வாடகைக்குத் தங்களுக்குத் தருவேன். பெட்டிகளையும் நாங்களே தூக்கி வைப்போம். ஆனால் பிள்ளைகளைப் போகச் சொல்ல என்னால் இயலாது. அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நிற்கின்றனர்."

கனவான் அறை மாறினார், முகம் மாறவில்லை. விருந்தினர் முகம் வாட நடத்தல் தகுமா என்று நம் இல்லாள் அன்றிரவு நம்மைக் கேட்டார். அவருக்கும் அன்று தலையிடி. விருந்தோம்பலுக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, நாம் அதற்கு மாறாகப் பேசலாமா? ஆயினும் நமது தீர்ப்பு அம்மையார் பக்கமே. விருந்தோம்புவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டும். வீடென்றால் அதில் வாழ்வோர் வேண்டும். வந்தவரின் உறக்கத்துக்காக வீட்டுப் பிள்ளைகளை வெளியேற்றினால் எஞ்சுவது படுக்கைகள் அடுக்கிய கட்டடமேயன்றி வீடன்று. நகர மாளிகையில் 1338, 1339ஆம் ஆண்டுகளில் அம்புரோஜியோ லொரென்செத்தி தீட்டிய புகழ்பெற்ற சுவரோவியங்கள் உள. நல்லாட்சி நிலவும் நகரை அவர் எவ்வாறு காட்டினார்? வீதியிற் கைகோத்து ஆடுவோர், சாரத்தின் மேல் நின்று சுவரெழுப்புவோர், பாதரட்சை விற்போர், கழுதையிற் பொதி கொணர்வோர், மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் (இவரை நாம் சற்று அதிக நேரம் நோக்கினோம்) ஆகியோரின் சந்தடியாக. கொடுங்கோலாட்சி தீட்டிய சுவரிலேதான் வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

வெனிஸ் நகரின் கதை இதற்கு மறுதலை. 1951இல் அதன் பழைய நகர்ப் பகுதியில் ஏறக்குறைய 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. வீடுகள் பிரயாணிகளுக்கான குறுங்கால வாடகை அறைகளாக மாறின. 2024 முதல், கூட்டம் மிக்க நாட்களிற் பகற்பொழுதில் வந்து செல்வோரிடம் நுழைவுக் கட்டணமும் வாங்கத் தொடங்கினர். நகரத்துக்கு நுழைவுச் சீட்டு! சியெனாவிலும் மதிலுக்குள் வாழ்வோர் குறைந்தே வருகின்றனர். ஆனால் வெளியே குடிபெயர்ந்தோரும் தம் வட்டாரத்து விருந்துக்கும் முரசுக்கும் திரும்பி வருகின்றனர். அந்த எட்டு வயதுச் சிறுவனும் பஸ் வண்டியில் வருபவனே என்று பின்னர் அறிந்தோம்.

இறுதி நாளிரவு வாயில் மேசையருகே அம்மையாருடன் சிறிது நேரம் சம்பாஷித்தோம். அவருக்கு அறுபது வயதைக் கடந்துவிட்டது. ஒரே மகள் மிலானில் வழக்கறிஞர். விடுதி நடத்த வரமாட்டாளாம். வீட்டை முழுமையாக வாங்க ஒரு வியாபாரி கேட்டிருக்கின்றாராம். அவர் கைக்குச் சென்றால் மேசையும் இராது, ஆணிகளும் இரா. கதவில் இலக்கம் அழுத்தித் திறக்கும் பூட்டும், 11 அறைகளில் 11 சமையற் பகுதிகளுமே இருக்கும். விலை நல்ல விலை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். முழங்காலைத் தடவியபடி, "62 படிகள்" என்று மாத்திரம் சொன்னார். மார்கழிக்குள் விடை கூறவேண்டுமாம். பூட்டிக் கிடக்கும் நம்மூர் வீடுகள் சில நினைவுக்கு வந்தமையால் நாமும் பேசாதிருந்தோம்.

மறுநாட் காலை, அறை வாடகையோடு நகரசபைக்கு ஆளுக்கு ஓரிரவுக்கு இவ்வளவெனச் சேரும் வரியையும் எண்ணிக் கொடுத்தோம். கடவுச்சீட்டின் விபரங்களை முதல் நாளே பொலிசாருக்கு அறிவித்திருந்தனர். அந்நாட்டுச் சட்டம் அது. பெட்டிகளை அம்மையாரின் அக்காள் மகன் முற்றம் வரை இறக்கித் தந்தான். அவன் கைகளைப் பார்த்தபின்பே, முரசு பழக்கிய மூத்தவன் இவன்தான் என்பதை அறிந்தோம். விரல் மூட்டுக்களெல்லாம் துணி சுற்றியிருந்தான்.

அங்கே செல்ல எண்ணும் வாசகர்கள் அறை வேண்டி எழுதுகையில், வீதிப் பக்கமா பள்ளத்தாக்குப் பக்கமா எனக் குறிப்பிடுதல் நலம். நாம் மீண்டும் செல்வோமாயின் வீதிப் பக்கத்தையே கேட்போம். இல்லாள் பள்ளத்தாக்குப் பக்கத்தைக் கேட்பதாகவும், ஒரு சிறு போத்தலில் உப்பும் கொண்டுசெல்வதாகவும் சொல்லியிருக்கின்றார்.