ரப்பருக்கு அரிசி

இரண்டு ஏழைகள் கூட்டு வியாபாரம் செய்தால் அங்கே முதலாளி, தொழிலாளி பேதம் வராது என்று நினைக்கிறீர்களா? இலங்கையின் சங்கதியைக் கேளுங்கள்.

1952-ஆம் வருஷம். கொரிய யுத்தம் நடந்து கொண்டிருந்த சமயம். இலங்கைக்கு அரிசி அகப்படவில்லை. அகப்பட்ட இடத்தில் ஆனை விலை, குதிரை விலை! கையில் இருந்ததோ ரப்பர். அதன் விலை சரிந்து கிடந்தது. சீனாவுக்கு ரப்பர் தேவை. ஆனால் ஐக்கிய நாடுகள் சபை தடை போட்டிருந்தது. இலங்கை அப்போது அந்தச் சபையில் அங்கத்தினர் அல்ல. அதுவும் ஒரு சௌகரியம்தான்!

வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயகா பீகிங்குக்குப் போய் ஐந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். வருஷத்துக்கு 50,000 டன் ரப்பர் போகும். 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேலேயே சீனா கொடுத்தது. இத்தனைக்கும் இரு நாடுகளுக்கும் இடையே தூதர்கள்கூடக் கிடையாது. 1957-ல்தான் அந்த உறவு ஏற்பட்டது. அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. உதவிப் பணம் கிடையாது என்று கையை விரித்தது. இலங்கை அசையவில்லை. அரிசி என்றால் லேசான விஷயமா? மறு வருஷமே ரேஷன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப் போக, நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதம மந்திரி டட்லி சேனநாயகா பதவியை விட்டுப் போக நேர்ந்தது!

இவரில்லாமல் அவருக்கு ஆகாது, அவரில்லாமல் இவருக்கும் ஆகாது. அதனால்தான் அந்தப் பேரம் சுமார் முப்பது வருஷம் ஓடியது.

பிற்பாடு ஒருவர் மட்டும் பெரிய தனவந்தர் ஆகிவிட்டார். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் ஒரு சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது இலங்கை. கடனுக்காகப் பறித்துக்கொண்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு, அது சரியல்ல. குத்தகைக்கு வந்த சுமார் 112 கோடி டாலர் கையிருப்பில் சேர்ந்தது; துறைமுகக் கடன் அப்படியே நின்றது. மேல்நாட்டுச் சந்தைகளில் வாங்கிய கடன்கள்தான் அப்போது கழுத்தைப் பிடித்தன. ஆனால் இந்தத் தடவை அவசரம் இலங்கைக்கு மட்டுமே!

நம்மவர் எப்படி? 2022-ல் இலங்கை திண்டாடியபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது; தமிழ்நாடு அரிசி அனுப்பியது. நல்ல காரியம். அதே வருஷம் ஜனவரியில், திருகோணமலையில் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தொட்டிகளில் 61-ஐ இலங்கையும் ஓர் இந்தியக் கம்பெனியும் கூட்டாக நடத்த ஒப்பந்தமாயிற்று. குத்தகை 50 வருஷம். நூற்றுக்கு 49 பங்கு இந்தியக் கம்பெனிக்கு, 51 இலங்கைக்கு. ரப்பர் காலத்துச் சாமர்த்தியம் அவர்களிடம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது போலும்!